நான்காம், ஐந்தாம் வகுப்புக் கணக்கு: பழைய விதிகள் பொய்யாகும் இடம்

மூன்றாம் வகுப்பு வரை கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ தடுமாறத் தொடங்குவதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கவனம் போதவில்லை, விளையாட்டுப் புத்தி, வாய்ப்பாடு சரியாக மனப்பாடம் ஆகவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. அதுவரை அந்தப் பிள்ளைக்குச் சரியான விடையைத் தந்துகொண்டிருந்த விதிகளே இந்த இரண்டு வகுப்புகளில் ஒவ்வொன்றாகப் பொய்யாகின்றன. அதை யாரும் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இலக்கங்கள் அதிகமாக உள்ள எண்தான் பெரியது. பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும். ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்த எண் என்று ஒன்று உண்டு. பத்தால் பெருக்க வேண்டுமானால் பின்னால் ஒரு பூஜ்யம் போட்டால் போதும். இவற்றைப் பாடநூல் விதிகளாக எழுதி வைப்பதில்லை. நூற்றுக்கணக்கான கணக்குகளைப் போட்டுப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுகொள்பவை இவை. எண்ணிப் பார்க்கும் எண்களுக்குள் இருக்கும்வரை இவை அநேகமாகச் சரியும்கூட. பின்னமும் தசமமும் வந்தவுடன் இந்த நான்குமே விழுந்துவிடுகின்றன.

முதல் மூன்று வகுப்புகளில் எண் என்பது 'எத்தனை?' என்ற கேள்விக்கு விடை. கூடையில் எத்தனை பழம், கையில் எத்தனை ரூபாய். நான்காம் வகுப்பிலிருந்து எண்ணிடம் வேறு கேள்விகள் கேட்கப்படுகின்றன: எத்தனை மடங்கு? எத்தனையில் ஒரு பங்கு? இந்த மாற்றம் பிடிபட்ட பிள்ளைக்குப் பின்னம், தசமம், பரப்பளவு எல்லாம் ஒரே கதையின் தொடர்ச்சியாகத் தெரியும். பிடிபடாத பிள்ளைக்கு ஒவ்வொரு பாடமும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய சடங்காகிவிடும். வீட்டில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தரும் பெற்றோரையும் பாட்டி தாத்தாக்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் வடிவியல், எண்கள், அமைப்புகள், அளவைகள், காலம், தகவல் செயலாக்கம், பின்னங்கள் என்று தலைப்புகள் இருக்கும். வேறு பாடத்திட்டங்களில் தலைப்பும் வரிசையும் சற்று மாறலாம். உள்ளே இருப்பது அநேகமாக ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் ஒரே எடை கிடையாது. பெருக்கல், வகுத்தல், பின்னம் ஆகிய மூன்றும்தான் தூண்கள்.

பெருக்கலும் வகுத்தலும்

பெருக்கல் என்பது திரும்பத் திரும்பக் கூட்டுவது என்றுதான் இரண்டாம் வகுப்பில் சொல்லித் தருகிறோம். தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் 'அண்ணனிடம் 5 ரூபாய் கூடுதலாக இருக்கிறது' என்பதும் 'அண்ணனிடம் 5 மடங்கு இருக்கிறது' என்பதும் வேறு வேறு வகையான ஒப்பீடுகள். தம்பியிடம் 2 ரூபாய் இருக்கும்போது முதலாவதில் அண்ணனிடம் 7 ரூபாய், இரண்டாவதில் 10 ரூபாய். தம்பியிடம் இருப்பது 200 ரூபாயானால் முதலாவது 205, இரண்டாவது 1000. கூட்டல் வித்தியாசம் அப்படியே நிற்கிறது. மடங்கு கூடவே வளர்கிறது. 'கூட' என்பதையும் 'மடங்கு' என்பதையும் பிள்ளை பிரித்தறிகிறதா என்று இந்த ஒரு கணக்கை வைத்தே பார்த்துவிடலாம்.

அடுத்து ஈரிலக்க எண்களைப் பெருக்குவது. 23 × 14 என்ற கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் 23ஐ 4ஆல் பெருக்கி 92 எழுதுகிறோம். இரண்டாம் வரியில் ஓர் இடம் தள்ளி, அல்லது ஒன்றின் இடத்தில் ஒரு பெருக்கல் குறியைப் போட்டுவிட்டு, 23 எழுதுகிறோம். ஏன் தள்ளி எழுத வேண்டும் என்று கேட்டால் பல பிள்ளைகள் 'அப்படித்தான் போட வேண்டும்' என்று சொல்வார்கள். தள்ள மறந்த நாளில் 92ஐயும் 23ஐயும் கூட்டி 115 என்று எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

கட்டம் போட்ட நோட்டில் 23 கட்டம் நீளமும் 14 கட்டம் அகலமும் உள்ள செவ்வகம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். நீளத்தை 20, 3 என்றும் அகலத்தை 10, 4 என்றும் இரண்டு கோடுகளால் பிரியுங்கள். நான்கு துண்டுகள் கிடைக்கும்: 20 × 10 = 200, 3 × 10 = 30, 20 × 4 = 80, 3 × 4 = 12. கூட்டினால் 322. இப்போது பழைய முறையைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். முதல் வரியில் இருந்த 92 என்பது 80ம் 12ம் சேர்ந்தது. இரண்டாம் வரியில் இருந்தது 23 அல்ல, 230. அதாவது 200ம் 30ம். தள்ளி எழுதியதற்குக் காரணம் அந்தப் பூஜ்யம்தான். இதை ஒருமுறை படமாகப் பார்த்த பிள்ளைக்கு 115 என்ற விடை உறுத்தும். இருபதைப் பதினான்கால் பெருக்கினாலே 280 வருமே என்று தோன்றும். இப்படி உத்தேசமாகப் பார்ப்பது துல்லியமாகப் போடுவதற்குச் சமமான திறமை என்பது என் கருத்து. பள்ளிகளில் அதற்கு மதிப்பெண் குறைவாக இருப்பது வருத்தமான விஷயம்.

வாய்ப்பாடு தேவையா என்று அடிக்கடி கேட்கிறார்கள். தேவை. பத்தாம் வாய்ப்பாடு வரை தயங்காமல் வந்தால்தான் பெரிய கணக்கில் மனம் எதைச் செய்கிறோம் என்பதில் நிற்கும். இல்லாவிட்டால் ஏழெட்டு என்ன என்பதிலேயே களைத்துப்போகும். ஆனால் 7 × 8 மறந்துவிட்டால் 7 × 4இன் இரண்டு மடங்காக அதை எடுக்கலாம் என்பதும் சேர்ந்து தெரிந்திருக்க வேண்டும்.

வகுத்தலுக்கு இரண்டு முகங்கள் உண்டு. 12 மாம்பழங்களை 3 பேருக்குச் சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 4. 12 மாம்பழங்களைப் பைக்கு மூன்றாகப் போட்டால் 4 பைகள். எழுதும்போது இரண்டும் 12 ÷ 3தான். முதலாவது பங்கிடுவது, இரண்டாவது அளந்து எடுப்பது. பிள்ளைகளுக்குப் பங்கிடுவது மட்டும் பழக்கமாகி, இரண்டாவது முகம் தெரியாமலே போவதுண்டு. அதன் தேவை பின்னத்தில்தான் முழுதாகத் தெரியும்.

நீள் வகுத்தலில் எல்லா ஊரிலும் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. 618 ÷ 6 என்று கொடுங்கள். ஆறில் ஆறு ஒரு முறை, 1 எழுதுகிறார்கள். அடுத்து 1ஐக் கீழே இறக்குகிறார்கள். ஒன்றில் ஆறு போகாது, உடனே 8ஐயும் இறக்கிவிடுகிறார்கள். பதினெட்டில் ஆறு மூன்று முறை. ஈவு 13 என்று முடிகிறது. நடுவில் போட வேண்டிய பூஜ்யத்தைக் காணோம். இதற்குச் சிவப்பு மையில் சுழித்துவிடுவதால் பயனில்லை. '600 ரூபாயை 6 பேருக்குப் பிரித்தாலே ஆளுக்கு 100 வருமே, 618 ரூபாய்க்கு 13 எப்படி வரும்?' என்று கேட்டால் பிள்ளையே திருத்திக்கொள்ளும். 600க்கு 100, பத்துகளில் பிரிக்க எதுவும் போதாததால் 0, மிச்சம் 18க்கு 3. ஆகவே 103. பூஜ்யம் 'பத்துகள் எதுவும் கிடைக்கவில்லை' என்று அந்த இடத்தைக் காத்துக்கொண்டிருக்கிறது. இடமதிப்பு என்று மூன்றாம் வகுப்பில் படித்தது இங்கேதான் வேலைக்கு வருகிறது.

மீதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 50 ÷ 12 என்றால் ஈவு 4, மீதி 2. இந்த ஒரே கணக்கு மூன்று விதமாகப் பேசும். 50 குழந்தைகளைச் சுற்றுலா அழைத்துப் போக, 12 பேர் உட்காரும் வேன் எத்தனை வேண்டும்? ஐந்து, இரண்டு குழந்தைகளை விட்டுவிட்டுப் போக முடியாது. 50 ரூபாய்க்கு 12 ரூபாய்ப் பேனா எத்தனை வாங்கலாம்? நான்கு, 2 ரூபாய் கையில் மிஞ்சும். 50 மீட்டர் துணியை 12 பேருக்குச் சமமாக வெட்டித் தந்தால்? ஆளுக்கு 4 மீட்டரும், மிஞ்சிய 2 மீட்டரில் பன்னிரண்டில் ஒரு பங்கும். அதாவது 4 மீட்டரும் ஒரு மீட்டரில் 2/12 பங்கும். மீதியையும் வெட்டிப் பங்கிட முடிவு செய்யும் அந்தக் கணத்தில்தான் பின்னம் பிறக்கிறது.

பின்னம்

2012இல் ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் அமெரிக்கா, பிரிட்டன் ஆகிய இரண்டு நாடுகளின் நீண்டகாலத் தரவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்து வயதில் ஒரு பிள்ளைக்குப் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரியும் என்பதை வைத்து, ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு உயர்நிலைப் பள்ளியில் அதன் கணிதத் தேர்ச்சி எப்படி இருக்கும் என்று கணிக்க முடிந்தது. அறிவுத்திறன், பெற்றோரின் படிப்பு, வருமானம் ஆகியவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. மற்ற பாடங்களை விரைந்து தாண்டிவிட்டு இங்கே மட்டும் நான் அதிக நேரம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னத்தில் முதலில் இடறுவது எழுத்து வடிவம். 1/4 என்பதில் கண்ணுக்குத் தெரிவது இரண்டு எண்கள். அது ஒரே எண் என்று மனம் ஏற்கக் காலம் பிடிக்கும். அதுவரை பிள்ளை மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியாகவே பார்க்கும். 8 பெரியது, 4 சிறியது. ஆகவே 1/8 பெரியது, 1/4 சிறியது என்று முடிவு கட்டும். அமெரிக்காவில் 1978இல் நடந்த தேசிய அளவிலான மதிப்பீட்டுத் தேர்வில் 13 வயது மாணவர்களிடம் 12/13ஐயும் 7/8ஐயும் கூட்டினால் உத்தேசமாக எவ்வளவு வரும் என்று கேட்டு 1, 2, 19, 21 என்று விடைகளைக் கொடுத்தார்கள். இரண்டு பின்னங்களுமே கிட்டத்தட்ட ஒன்று. எனவே விடை 2. அதைத் தேர்ந்தவர்கள் 24 சதவீதம் மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டவர்கள் 19 அல்லது 21 என்றார்கள். தொகுதிகளை, அதாவது மேலே உள்ள எண்களைக் கூட்டினால் 19; பகுதிகளை, அதாவது கீழே உள்ள எண்களைக் கூட்டினால் 21. ஒன்றுக்கும் குறைவான இரண்டு அளவுகளைச் சேர்த்தால் 19 எப்படி வரும் என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை, ஏனென்றால் அவை அவர்களுக்கு அளவுகளாகவே தெரியவில்லை.

இதற்கு நான் பெரிதும் நம்புவது காகிதப் பட்டைகளை. பழைய செய்தித்தாளிலிருந்து ஒரே நீளமுள்ள பட்டைகள் ஐந்தாறு வெட்டிக்கொள்ளுங்கள். முதல் பட்டையை அப்படியே வையுங்கள், அது 1. இரண்டாவதை ஒரு முறை மடித்தால் இரண்டு அரைகள். மூன்றாவதை இரண்டு முறை மடித்தால் நான்கு கால்கள். நான்காவதை மூன்று முறை மடித்தால் எட்டு அரைக்கால்கள். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்து, எத்தனை துண்டுகளாக்குகிறோமோ அத்தனைக்கும் துண்டு சிறிதாகிறது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். 1/2ம் 2/4ம் 4/8ம் ஒரே கோட்டில் முடிவதையும் அதுவே கண்டுபிடிக்கட்டும். சமான பின்னம் என்ற பெயரை அதற்கு அப்புறம் சொன்னால் போதும். வட்ட வடிவத்தில் தோசையையும் கேக்கையும் வெட்டிக் காட்டுவதைவிடப் பட்டை மேலானது. வட்டத்தை ஐந்தாகவோ ஆறாகவோ சமமாகப் பிரிப்பது பெரியவர்களுக்கே கடினம். தவிர, பட்டையை நோட்டில் ஒரு கோடாக வரைந்துவிட்டால் எண்கோடு வந்துவிடுகிறது. 0க்கும் 1க்கும் நடுவில் 1/2க்கு ஓர் இடம் உண்டு. 1க்கும் 2க்கும் நடுவில் 5/4க்கும் ஓர் இடம் உண்டு. தொகுதி பகுதியைவிடப் பெரிதாக இருப்பதைத் தகா பின்னம் என்கிறோம். ஒரு கேக்கில் ஐந்து கால் துண்டுகள் எங்கிருந்து வரும் என்று குழம்பும் பிள்ளை, கோட்டில் அதைச் சிரமமில்லாமல் குறிக்கும்.

அடுத்த எண் என்ற விதியும் இந்தக் கோட்டில்தான் உடைகிறது. 3க்கு அடுத்தது 4. 1/2க்கு அடுத்தது எது? 3/4 என்று பிள்ளை சொன்னால், நடுவில் 5/8 இருக்கிறதே என்று காட்டலாம். 5/8 என்றால் நடுவில் 9/16. எவ்வளவு நெருக்கமாக இரண்டு பின்னங்களை எடுத்தாலும் இடையில் இன்னொன்று இருக்கும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இது பெரிய வியப்பைத் தரும். அவசரப்படாமல் அவர்களை அந்த வியப்பில் கொஞ்சம் இருக்க விடுங்கள்.

இப்போது கூட்டல். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதாத பிள்ளை அபூர்வம். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து. ஆனால் 2/5 அரையைவிடக் குறைவு. அரையோடு ஒன்றைச் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துபோகுமா? இந்தக் கேள்வி தவறைக் காட்டிவிடும். சரியான வழியைக் காட்டாது. வழிக்கு, நம் ஊர் நில அளவை நன்றாகக் கைகொடுக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் வயலை மாக் கணக்கில்தான் பேசுகிறார்கள். 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர். ஆக ஒரு மா என்பது வேலியில் 1/20. ஒருவரிடம் மூன்று மா இருக்கிறது, இன்னும் இரண்டு மா வாங்குகிறார். மொத்தம் ஐந்து மா. பின்னமாக எழுதினால் 3/20 + 2/20 = 5/20. இதை 5/40 என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் நிலம் வாங்கியதால் மா என்ற அளவு மாறிவிடுவதில்லை. பகுதி என்பது எந்த அளவுத் துண்டு என்பதைச் சொல்கிறது. தொகுதி என்பது அப்படிப்பட்ட துண்டுகள் எத்தனை என்பதைச் சொல்கிறது. எண்ணிக்கையைத்தான் கூட்டலாம். சரி, அரை வேலி வைத்திருப்பவர் ஒரு மா வாங்கினால்? அரையையும் மாவையும் அப்படியே கூட்ட முடியாது. அரை வேலியைப் பத்து மா என்று மாற்றிக்கொண்டால் பதினொரு மா. இதுவே 1/2 + 1/20 = 10/20 + 1/20 = 11/20. பகுதிகளைச் சமமாக்குவது என்று வகுப்பில் சொல்வது இந்த மாற்றத்தைத்தான்.

1/2ஐயும் 1/3ஐயும் கூட்ட, இரண்டையுமே அளக்கக்கூடிய ஒரு துண்டு வேண்டும். ஒரு பட்டையை மூன்றாக மடித்து, பிறகு பாதியாக மடியுங்கள். ஆறு துண்டுகள். அரையில் மூன்று, மூன்றில் ஒன்றில் இரண்டு. மொத்தம் 5/6. இப்படிப் பொதுத் துண்டைத் தேடும்போதுதான் காரணிகள், மடங்குகள், மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு) எல்லாம் எதற்காகப் படித்தோம் என்பது விளங்கும். அந்தப் பாடங்களைத் தனியாக வைத்து நடத்திவிட்டு, பல மாதங்கள் கழித்துப் பின்னத்துக்கு வருவதால் இந்த இணைப்பு பல வகுப்புகளில் அறுந்துபோகிறது.

முந்தைய தலைமுறையினருக்கு இந்தப் பழக்கம் சந்தையிலேயே கிடைத்தது. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நூறு பைசா நாணயமுறை வரும்வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. கால் ரூபாய் நாலணா, அரைக்கால் ரூபாய் இரண்டணா, மாகாணி என்ற 1/16 ஓர் அணா. கால் ரூபாயையும் ஓர் அணாவையும் சேர்த்தால் ஐந்தணா என்று எட்டு வயதுப் பையன் கடை வாசலில் சொல்வான்; 1/4 + 1/16 = 5/16 என்பது அதுதான். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை வைத்து, 1/320 ஆகிய முந்திரி வரை கீழ்வாய்க் கணக்கை, அதாவது பின்னக் கணக்கை மனப்பாடம் செய்வித்தார்கள். அந்த மனப்பாடத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் அணாக் கணக்கு நினைவிருக்கும் பெரியவர் இருந்தால், அவரைப் பிள்ளையோடு பத்து நிமிடம் பேச விடுங்கள்.

ஒப்பிடும்போது எப்போதும் பகுதிகளைச் சமமாக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 3/7 பெரியதா, 5/8 பெரியதா? முதலாவது அரையைவிடக் குறைவு, இரண்டாவது அரையைவிட அதிகம், முடிந்தது. 3/4ஆ, 5/6ஆ? ஒன்று முழுமையாக முதலாவதுக்கு 1/4 குறைகிறது, இரண்டாவதுக்கு 1/6தான் குறைகிறது, எனவே 5/6. இப்படி யோசிக்கும் பிள்ளை பின்னத்தை அளவாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கூடவே 'எதில் பாதி?' என்ற கேள்வியையும் பழக்க வேண்டும். பத்து ரூபாயில் பாதியைவிட நூறு ரூபாயில் கால் அதிகம்.

தசமம்

தசமம் புதிய வகை எண் அல்ல. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றைப் பகுதியாகக் கொண்ட பின்னங்களை இடமதிப்பு முறையில் எழுதும் வழி. இடப்பக்கம் போகப் போகப் பத்து மடங்கு என்றால் வலப்பக்கம் வர வரப் பத்தில் ஒரு பங்கு. ஒன்றின் இடத்தோடு நிற்காமல் அதே நடையில் மேலும் வலப்பக்கம் போகிறோம், அவ்வளவுதான். ஐரோப்பாவில் இம்முறையைப் பரப்பிய சைமன் ஸ்டெவின் 1585இல் எழுதிய சிறு நூலை நில அளவையாளர்களுக்கும் வணிகர்களுக்கும் நாணயச்சாலைக்காரர்களுக்கும்தான் முன்வைத்தார். பணமும் அளவைகளும்கூடப் பத்தின் கணக்கில் வர வேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டார்.

0.4 பெரியதா, 0.35 பெரியதா என்று கேளுங்கள். 35 பெரிய எண் என்பதால் 0.35 என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். 0.4 என்பது பத்தில் நான்கு, அதாவது நூறில் நாற்பது. பணத்தை வைத்துச் சொன்னால் உடனே புரியும்: 40 பைசா, 35 பைசா. ஆனால் பணத்திலேயே நின்றுவிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. புள்ளிக்கு இடப்பக்கம் ஓர் எண், வலப்பக்கம் வேறோர் எண், நடுவில் புள்ளி ஒரு வேலி என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். 3.5 ரூபாயை மூன்று ரூபாய் ஐந்து பைசா என்று வாசிக்கும். பத்தால் பெருக்கப் பூஜ்யம் சேர்க்கும் பழக்கத்தில் 2.5 × 10 = 2.50 என்று எழுதும். வாசிக்கும்போது 'பூஜ்யம் புள்ளி மூன்று ஐந்து' என்றே வாசிக்கப் பழக்குங்கள். 'புள்ளி முப்பத்தைந்து' வேண்டாம்.

புள்ளி இருப்பதெல்லாம் தசமம் அல்ல என்பதைக் கிரிக்கெட் அழகாகக் காட்டும். 4.3 ஓவர் என்றால் நான்கு ஓவரும் மூன்று பந்தும். ஓவருக்கு ஆறு பந்து, எனவே மூன்று பந்து என்பது அரை ஓவர். தசமத்தில் அது 4.5. ஓர் அணி 4.3 ஓவரில் 45 ரன் எடுத்திருந்தால் ஓவருக்கு எத்தனை ரன்? 45ஐ 4.3ஆல் வகுத்தால் தவறு, 4.5ஆல் வகுக்க வேண்டும், விடை 10. நேரமும் அப்படித்தான். 1.30 என்று கடிகாரத்துக்காக எழுதும் ஒன்றரை மணி நேரம் தசமத்தில் 1.5. காலை பத்தே முக்காலுக்குக் கிளம்பிய பஸ் மதியம் 1.20க்கு வந்து சேர்ந்தால் பயணம் எவ்வளவு நேரம் என்ற கணக்கில், கடன் வாங்கும்போது 100 வராது, 60 வரும். இதை விதியாகச் சொல்வதைவிட, பதினொரு மணி வரை 15 நிமிடம், அங்கிருந்து ஒரு மணி வரை இரண்டு மணி நேரம், பிறகு 20 நிமிடம் என்று நடந்து போவது பிள்ளைகளுக்கு எளிது. 2 மணி 35 நிமிடம்.

மற்றவை

சுற்றளவையும் பரப்பளவையும் ஒரே வாரத்தில் நடத்துவதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. 24 மீட்டர் கயிற்றை வைத்துச் செவ்வகங்கள் அமைக்கச் சொல்லலாம். 11க்கு 1 என்று அமைத்தால் பரப்பு 11 சதுர மீட்டர். 10க்கு 2 என்றால் 20. 8க்கு 4 என்றால் 32. 6க்கு 6 என்றால் 36. கயிறு ஒன்றுதான், உள்ளே அடங்கும் இடம் மூன்று மடங்குக்கும் மேலாக மாறுகிறது. சுற்றளவு ஒன்றானால் பரப்பும் ஒன்றுதான் என்ற எண்ணம் இங்கே போய்விடும். ஒரு மீட்டரில் 100 செ.மீ. இருப்பதால் ஒரு சதுர மீட்டரில் 100 சதுர செ.மீ. என்று எழுதுவதும் வழக்கமான தவறு. நூறு வரிசை, வரிசைக்கு நூறு கட்டம், ஆகவே 10,000. பெருக்கலுக்கு வரைந்த அதே செவ்வகம்தான் இதுவும்.

கோணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே: கைகள் நீளமாக இருந்தால் கோணம் பெரிது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். சுவர்க் கடிகாரத்திலும் கைக்கடிகாரத்திலும் மூன்று மணிக்கு முட்களுக்கு இடையே அதே செங்கோணம்தான் என்று காட்டினால் போதும். படவிளக்கம், பட்டை வரைபடம் ஆகியவற்றில் அதிகச் சிக்கல் வருவதில்லை; ஒரு படம் ஐந்து மரங்களைக் குறிக்கிறது என்றால் அங்கேயும் ஒளிந்திருப்பது மடங்குதான்.

சமக்குறியைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்கிறேன். 8 + 4 = □ + 5 என்று எழுதிப் பெட்டியில் என்ன வரும் என்று கேளுங்கள். 1999இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் ஆறாம் வகுப்பு மாணவர்கள் 145 பேரிடம் இதைக் கேட்டார்கள். அத்தனை பேரும் 12 அல்லது 17 என்றார்கள். விடை 7. சமக்குறி என்றால் 'இனி விடையை எழுது' என்ற கட்டளை என்று முதல் வகுப்பிலிருந்தே பழகிவிட்டதன் விளைவு இது. இருபுறமும் ஒரே மதிப்பு என்பதுதான் அதன் பொருள். 1/2 = 4/8 என்பதை ஏற்கவும், பின்னாளில் சமன்பாடுகளைப் போடவும் இந்தப் பொருள்தான் அடிப்படை.

வாக்கியக் கணக்குகளில் நாம் சொல்லிக்கொடுக்கும் குறுக்கு வழிகளே பிள்ளைகளைக் கெடுக்கின்றன. 'மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, அதிகம் என்றால் கூட்டு' என்ற மந்திரத்தை நம்பி இந்தக் கணக்கைப் போடட்டும்: 'கவிதாவிடம் 18 வளையல்கள் இருக்கின்றன. அது அவள் தங்கையிடம் இருப்பதைவிட 5 அதிகம். தங்கையிடம் எத்தனை?' அதிகம் என்ற சொல்லைப் பார்த்த கை 23 என்று எழுதிவிடும். விடை 13. முதலில் கணக்கைத் தன் வார்த்தைகளில் கதையாகச் சொல்லட்டும். யாரிடம் அதிகம், யாரிடம் குறைவு என்று இரண்டு பட்டைகளாக வரையட்டும். அதற்குப் பிறகு எண்களைத் தொடட்டும். எண்களை மறைத்துவிட்டுக் கணக்கை மட்டும் படித்துக் காட்டி, 'இதில் என்ன நடக்கிறது?' என்று கேட்பது இன்னும் நல்லது.

பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும் என்ற விதியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அது ஆறாம், ஏழாம் வகுப்புகளில்தான் முழுதாக உடையும். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடமே அதற்கான விடை இருக்கிறது. 6 லிட்டர் பாலை அரை லிட்டர்ப் பாக்கெட்டுகளில் அடைத்தால் எத்தனை பாக்கெட் என்று கேளுங்கள். யோசிக்காமல் 12 என்று சொல்லும். இப்போது 6 ÷ 1/2 = 12 என்று எழுதிக் காட்டுங்கள். வகுத்திருக்கிறோம், விடை பெரிதாகியிருக்கிறது. ஆறை அரைப் பேருக்குப் பங்கிடுவது என்று நினைத்தால் இது அர்த்தமற்றது. ஆறில் எத்தனை அரைகள் இருக்கின்றன என்று அளந்து எடுப்பதாக நினைத்தால் இயல்பானது. வகுத்தலின் இரண்டாவது முகம் என்று முன்பு சொன்னது இதைத்தான். பிறகு கால் லிட்டர்ப் பாக்கெட் என்றால் எத்தனை, முக்கால் லிட்டர்ப் பாட்டில் என்றால் எத்தனை என்று கேட்டுக்கொண்டே போகலாம். 24, 8. 'பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு' என்ற விதியை ஆசிரியர் கரும்பலகையில் எழுதும்போது, அந்த விதி தரும் விடைகளை இந்தப் பிள்ளை ஏற்கெனவே பால் பாக்கெட்டுகளில் எண்ணிப் பார்த்திருக்கும்.